இரத்தச் சீட்டும் இரும்புக் கணக்கும்

நாம் வைத்தியம் படித்தவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, நாகபுரிச் சரக்குக் கிடங்கில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேகன் கணக்கு எழுதி வருகிறோம். எத்தனை வேகன் வந்தது, எத்தனை இறங்கியது, எது குறித்த நேரத்திற்கு மேல் நின்றது, அதற்கு டெமரேஜ் எவ்வளவு என்பதைப் பேரேட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். இவ்வாறு எண்களோடே பிழைப்பு நடத்தும் நாம், நம் வீட்டிற்கு வந்த ஒரே ஒரு காகிதத்தின் எண்களைப் படிக்கத் தவறினோம். அதன் வரலாற்றையும், பின்னர் மருத்துவரிடமும் நர்ஸம்மாவிடமும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையும் சங்கத்து அன்பர்களுக்கு எழுதுவது கடமை எனத் தோன்றியது. இல்லாளின் சம்மதம் பெற்றே எழுதுகிறோம்.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நம் இல்லாளுக்குச் சில நாள் சுரம் இருந்தது. இரத்தம் பரிசோதிக்கச் சொன்னார்கள், பரிசோதித்தோம். மாலையில் சீட்டை வாங்கி வந்தவர் நாமே. மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை என்று அடியில் கண்டதும் மனம் குளிர்ந்துவிட்டது. மேலே இரண்டு மூன்று எண்களுக்கு அருகில் தடித்த எழுத்தில் ‘எல்’ என்று அச்சிட்டிருந்தது. அது சோதனைக்கூடத்தின் ஏதோ அடையாளம் என்று கருதி, சீட்டை நான்காக மடித்து, இரயில் பாஸ் வைக்கும் கோப்பில் செருகிவிட்டோம்.

அந்த ‘எல்’ என்பது குறைவு என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அளவு மிகுந்திருந்தால் ‘எச்’ என்று போடுவார்கள். இவ்வளவே விஷயம். இதை அறிய நமக்கு நான்கு மாதம் ஆயிற்று.

அந்த நான்கு மாதத்தில் நடந்தவற்றை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் மாடியிலுள்ள நம் குவார்ட்டர்ஸுக்கு ஏறும்போது இல்லாள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார். “ஊரில் மூன்று மைல் நடந்தவளுக்கு இங்கே மூன்று மாடி ஏறத் தெரியவில்லையே!” என்று கேலி செய்தோம். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது நாகபுரித் தண்ணீரைக் குறை கூறினோம். அரிசி டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளி வாயிலிட்டு மெல்லும் பழக்கம் அவருக்கு வந்தது. நாளடைவில் அது இரண்டு, மூன்று கைப்பிடியாயிற்று. “ரேஷன் அரிசி போதவில்லை என்று எழுதிப் போடட்டுமா?” என்று அதற்கும் ஒரு நகைச்சுவை. பச்சரிசி, சாம்பல், பலப்பம், மண், ஐஸ் கட்டி ஆகியவற்றைத் தின்னும் அடங்காத ஆசை, உடம்பில் இரும்பு குறைந்ததற்கு ஓர் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதைப் பிறகே அறிந்தோம். நம் கிராமங்களில் பிள்ளைத்தாய்ச்சிகள் சாம்பல் தின்பதைப் பாட்டிமார் மசக்கை என்று சொல்லிச் சிரிப்பார்களே, அவர்களுள் எத்தனை பேர் சோகையால் வாடினார்களோ!

அக்டோபரில் ஒரு நாள், தண்ணீர் வாளியுடன் படியேறுகையில் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாளி உருண்டது. அடுத்த வீட்டு மராத்தி அம்மாள் தாங்கிப் பிடித்திராவிட்டால் அவரும் உருண்டிருப்பார். அன்றே மருத்துவமனைக்குச் சென்றோம். மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.1 என்று வந்தது. “முன்பு எப்போதாவது பார்த்தீர்களா?” என்று மருத்துவர் வினவவே வீட்டிற்கு ஓடிச் சென்று பாஸ் கோப்பைத் திறந்தோம். ஜூன் மாதச் சீட்டில் 9.6.

நிற்க. அந்தச் சீட்டை எவ்வாறு படிப்பது என்பதைச் சொல்லுவோம்.

ஹீமோகுளோபின் என்பது சிவப்பணுக்களுக்குள் இருக்கும் செந்நிறப் பொருள். நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றி உடம்பெங்கும் இறக்குவது அதன் தொழில். அதைச் செய்யும் நடு அச்சு இரும்பு. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அது எத்தனை கிராம் என்பதையே சீட்டில் காண்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கருவுறாத பெண்களுக்கு 12-க்குக் கீழும், ஆண்களுக்கு 13-க்குக் கீழும் போனால் இரத்த சோகை. கருவுற்றவர்களுக்கு முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11, நடுவில் 10.5. பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைகளுக்கு 12. ஐந்து முதல் பதினொன்று வரை 11.5. கருவுறாத பெண்ணுக்கு 8-க்குக் கீழே இறங்கினால் அது கடுமையான சோகை. நம் இல்லாள் அந்த விளிம்பில் நின்றிருந்தார்.

ஆனால் ஹீமோகுளோபின் ஒன்றைப் பார்த்து நின்றுவிடக் கூடாது. அதற்குக் கீழே எம்.சி.வி. என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு சிவப்பணுவும் சராசரியாக எவ்வளவு பெரியது என்பதன் அளவு அது. 80 முதல் 100 வரை இயல்பு. இரும்பு போதாவிட்டால் அணுக்கள் சிறுத்துப் பிறக்கும். இல்லாளுக்கு 68. அடுத்துள்ள எம்.சி.எச்., ஓர் அணுவில் ஏற்றிய ஹீமோகுளோபினின் எடை. 27-க்குக் கீழே போனால் வேகன் வெளுத்துக் காலியாக ஓடுகிறது என்று பொருள். ஆர்.டி.டபிள்யூ. என்பது அணுக்களின் அளவில் உள்ள ஏற்றத்தாழ்வு. பழைய பெரிய அணுக்களும் புதிய சிறிய அணுக்களும் கலந்து ஓடினால் அது உயரும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகையால் பழுது உடனே வெளிப்படாமல் மெல்ல மெல்லவே வெளிப்படுகிறது.

இதற்கும் மேலான ஒரு சோதனை ஃபெரிட்டின். பொதுவாக எடுக்கும் இரத்தச் சோதனையில் இது இராது. மருத்துவர் தனியே எழுதித் தரவேண்டும். நம் தொழிலைக் கொண்டு இதை விளக்குவது எளிது. ஹீமோகுளோபின், தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேகன்; ஃபெரிட்டின், கிடங்கிலுள்ள இருப்பு. வரத்துக் குறையும்போது முதலில் கரைவது கிடங்கு இருப்பே. வேகன்கள் சில காலம் முன்போலவே ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் குறை தெரியாது. கிடங்கு காலியான பிறகே வேகன் குறையும். ஆதலால் ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தாழ்ந்து, சோர்வும் முடி உதிர்தலும் உள்ளவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே இறங்கினால் இருப்புத் தீர்ந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 30-க்குக் கீழ் வந்தாலே மருத்துவர் பலர் கவனிக்கத் தொடங்குகிறார்கள். இல்லாளுக்கு 5. ஒன்று எச்சரிக்கை: சுரமோ வீக்கமோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். சுரத்தின்போது எடுத்த ஃபெரிட்டின் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறலாகாது.

சோதனைக்கூடத்திற்குச் சோதனைக்கூடம் இயல்பளவு சற்று வேறுபடும். சீட்டின் வலப்புறத்தில் அவர்கள் அச்சிட்டுள்ள அளவோடு ஒப்பிடுவதே முறை. அதைவிட முக்கியம், பழைய சீட்டைக் கையில் கொண்டு செல்வது. 9.6 என்பது ஓர் எண், 9.6 நான்கு மாதத்தில் 8.1 ஆவது ஒரு செய்தி.

இனி, சொல்லக் கூச்சமான பகுதிக்கு வருகிறோம். சோகை என்பது விளைவு, காரணம் வேறு. மருத்துவர் அம்மையார் ஹிந்தியில் கேட்டார். இல்லாளுக்கு ஹிந்தி கடைவீதி அளவுக்கே தெரியும். நாம் நடுவில் நின்று மொழிபெயர்த்தோம். சோர்வு, மயக்கம், பசி எல்லாம் கேட்டபின், மாதவிலக்கு எவ்வாறு உள்ளது என்று கேட்டார். நாம் தலையைக் குனிந்துகொண்டு, இல்லாளிடம் கேளாமலே, “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்று ஹிந்தியில் விடை கூறிவிட்டோம். இல்லாளும் பேசாதிருந்தார். மருத்துவர் எழுதிக்கொண்டார்.

நம்மைக் காப்பாற்றியது நாகர்கோவில் பக்கத்து நர்ஸம்மா ஒருவர். ஊசி போடும் அறையில் தமிழ்ச் சொல் காதில் விழவே இல்லாளின் அருகில் வந்து, நம்மை வெளியே போகச் சொல்லிவிட்டு, “மக்களே, மாசத்துல எத்தனை நாளு போகு? எத்தனை துணி மாத்துத?” என்று கேட்டிருக்கிறார். ஒன்பது நாள் என்றும், முதல் நான்கு நாள் மணிக்கொருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது என்றும், இது ஒன்றரை ஆண்டாக நடக்கிறது என்றும் அப்போதுதான் வெளிவந்தது. தாயாரும் அக்காளும் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள். தொலைபேசியில் இதையெல்லாம் சொல்ல மனமில்லை. நம்மிடம் சொன்னால் செலவு என்று கவலைப்படுவோமாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கருப்பையில் சிறு தசைக்கட்டி இருந்தது. புற்று அல்ல, பெண்கள் பலருக்கும் வருவது. மருந்தாலேயே போக்கைக் குறைத்தார்கள்.

இதன் கணக்கை ஒருநாள் கிடங்கில் பேரேட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்தோம். நல்ல இரத்தம் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. மாதப்போக்கு 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் மிகுதி என்பார்கள்; அதற்கே 40 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. குடல் வழியாகவும் தோல் வழியாகவும் இயல்பாகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் கழிகிறது. மாதத்திற்கு 30. ஆகச் செலவு 70. வரவோ, உணவிலிருந்து உடம்பில் சேர்வது நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். நடுவாக ஒன்றரை வைத்தால் மாதம் 45. மாதந்தோறும் 25 பற்று. உடம்பிலுள்ள மொத்த இரும்பே மூன்று நான்கு கிராம்தான். அதிலும் பெரும்பகுதி ஓடும் வேகன்களில் இருக்கிறது. ஒன்றரை ஆண்டில் கிடங்கு காலியாகாமல் என்ன செய்யும்?

பெண்களுக்குப் போக்கு ஒரு காரணம் என்றால், அடுத்தடுத்த பிரசவம் மற்றொன்று. வெறுங்காலுடன் நடப்பதால் தொற்றும் கொக்கிப்புழு இன்னொன்று. ஆண்களுக்கு இரும்பு குறைந்தால் அதை இன்னும் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மாதப்போக்கு இல்லாதவனுக்கு இரும்பு எங்கே போயிற்று? மூலம், வயிற்றுப்புண், வலி மாத்திரையை ஓயாமல் விழுங்கியதால் குடலில் கசியும் இரத்தம், சில சமயம் குடற்புற்று என்று தேடிப் பார்த்தே தீரவேண்டும்.

உணவைப் பற்றி நம்மவரிடம் உள்ள நம்பிக்கைகள் பல. சிவப்பாக இருப்பதனாலேயே பீட்ரூட் இரத்தம் ஊறச் செய்யும் என்று ஒரு மாதம் நம் வீட்டில் பீட்ரூட் பொரியலாகவே இருந்தது. நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட அதில் இல்லை. முருங்கைக்கீரையில் நாலரை, கேழ்வரகிலும் ஏறத்தாழ அவ்வளவு, கம்பில் ஆறுக்கு மேல், சோளத்தில் நான்கு. தீட்டிய வெள்ளரிசியிலோ ஒன்றுக்கும் குறைவு. ஊரில் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் உண்ட குடும்பங்கள், சம்பளம் வந்ததும் மூன்று வேளையும் வெள்ளரிசிக்கு மாறிவிட்டோம். நாகபுரியின் அண்டை வீட்டார் சுடும் சோளரொட்டியை ஏளனமாகவும் பார்த்தோம். இப்போது வாரத்தில் நான்கு இரவு நம் வீட்டில் சோளரொட்டி. அடுத்த வீட்டு அம்மாளே தட்டக் கற்றுக்கொடுத்தார். இல்லாளின் ரொட்டி இன்னும் வட்டமாக வரவில்லை.

புலால் உண்பவர்களுக்கு வழி எளிது. ஆட்டு ஈரல், சுவரொட்டி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேரும். கீரை, தானியம், பருப்பு இவற்றின் இரும்பு எளிதில் சேராது. அதற்குத் துணை வேண்டும். புளிப்புள்ள பழம் அத்துணை. எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றிலுள்ள ‘சி’ வைட்டமின் இரும்பைக் கரைத்துக் கொடுக்கிறது. மார்கழி பிறந்தால் சீதாபல்தி கடைவீதியில் ஆரஞ்சுப் பழத்தைத் தள்ளுவண்டியில் குவித்து விற்கும் ஊரில் இருந்துகொண்டு, இதற்கு மாத்திரை தேடவேண்டியதில்லை.

பகை எது என்றால், சொல்ல மனம் வரவில்லை, நம் காப்பி. சாப்பாட்டோடு குடித்தால் உணவின் இரும்பில் சேர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காப்பி தடுத்துவிடுகிறது. தேநீர் பாதிக்கு மேல் தடுக்கிறது. இட்டிலி உண்டவுடன் டபராவை ஏந்தும் நம் குலவழக்கமே இதில் குற்றவாளி. சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னதாகக் குடித்தால் தீங்கில்லை. பின்னர் என்றால் இரண்டு மணி நேரம் பொறுக்க வேண்டும். நம் வீட்டில் காப்பி நிற்கவில்லை, நேரம் மாறிற்று. இந்த ஏற்பாட்டிற்கு இல்லாளைவிட நாமே அதிகம் முணுமுணுத்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆயினும் 8.1 என்பதை உணவால் மட்டும் தூக்கி நிறுத்த இயலாது. மாத்திரை வேண்டும். முதலில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு வண்ணப்பெட்டியில் வந்த டானிக் ஒன்றை வாங்கினோம். அதன் அட்டையை மருத்துவர் படித்துவிட்டு, இதிலுள்ள இரும்புக்கு இந்த விலையா என்று சிரித்தார். அரசாங்கம் இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அந்த ஃபோலிக் அமிலத்திற்கு நம் நாட்டோடு ஓர் உறவு உண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவ அம்மையார், ஆலைத்தொழிலாளிப் பெண்கள் கர்ப்பகாலத்தில் ஒருவகைச் சோகையால் மாள்வதைக் கண்டு ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது தீர்வதைக் கண்டறிந்தார். அச்சாறில் இருந்த பொருளே ஃபோலிக் அமிலம். அந்தச் சோகையில் அணுக்கள் சிறுப்பதில்லை, பெருக்கின்றன. எம்.சி.வி. 100-ஐத் தாண்டினால் குறை இரும்பில் இல்லாமல் ஃபோலிக் அமிலத்திலோ பி12-இலோ இருக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றுடன் விழுங்கினால் நன்றாகச் சேரும். குமட்டினால் உணவுக்குப் பின் கொள்ளலாம். பலன் சற்றுக் குறையும். பாலுடனோ, கால்சியம் மாத்திரையுடனோ, நெஞ்செரிச்சல் மருந்துடனோ கூடாது. மலம் கறுக்கும், அஞ்ச வேண்டாம். மலச்சிக்கலும் வரலாம். ஒரு நாள் மறந்ததற்காக மறுநாள் இரட்டிப்பாக விழுங்குவது வீண்; ஒரு வேளை இரும்பு உள்ளே சென்றதும் ஹெப்சிடின் என்ற சுரப்பு எழுந்து, சுமார் ஒரு நாள் வரை குடலின் கதவைச் சாத்தி வைக்கிறது. இதனாலேயே சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிறார்கள். எவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் மருந்தும் உண்டு. அது மருத்துவமனையில் செய்ய வேண்டியது. வீட்டில் சிறுகுழந்தை இருந்தால் இந்த மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று எண்ணிப் பலவற்றை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரத்தம் குறைந்தவர் எல்லாருக்கும் இரும்பு மருந்தாகாது. தாலசீமியாவின் கூறு உள்ளவர்களுக்கும் அணுக்கள் சிறுத்தே இருக்கும். அவர்கள் சோதியாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு உண்பது கெடுதல். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால், அதாவது பத்து இலட்சக் கணக்கில், வகுத்து 13-க்குக் கீழே வந்தால் அந்தச் சந்தேகம் கொள்ளலாம். இல்லாளுக்கு 68-ஐ 3.9-ஆல் வகுக்க 17-க்கு மேல் வந்தது. இரும்புக் குறையின் பக்கம். இது குறிப்பு மாத்திரமே, தீர்ப்பு அன்று. விதர்ப்பத்திலோ அரிவாளணு நோய் பலரிடம் உண்டு. 2023-இல் மத்திய அரசு அதை ஒழிக்கத் தனி இயக்கமே தொடங்கியிருக்கிறது. இவற்றைப் பிரித்தறியத் தனிச் சோதனைகள் உண்டு.

நவம்பரில் 9.5, ஜனவரியில் 11.4, 2024 மார்ச்சில் 12.3 என்று ஏறியது. பன்னிரண்டைத் தாண்டியதும் மாத்திரையை நிறுத்தலாம் என்றோம். “வேகன் ஓடுகிறது, கிடங்கு இன்னும் காலி” என்று நம் உவமையையே இல்லாள் நமக்குத் திருப்பிச் சொன்னார். மேலும் மூன்று மாதம் உண்டபின் ஜூனில் ஃபெரிட்டின் 38. அரிசி மெல்லும் ஆசை இரண்டாம் வாரத்திலேயே போய்விட்டிருந்தது.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை என்று கண்டார்கள். நம் சங்கத்து உறுப்பினர் வீடுகள் அக்கணக்கிற்கு விலக்கு என்று எண்ண இடமில்லை. நம் பன்னிரண்டு வயது மகளுக்கும் பார்த்தோம், 11.6. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல மாத்திரையை அவள் தோழியரோடு சேர்ந்து சன்னல் வழியாக எறிந்துகொண்டிருந்தாள் என்பதும் அப்போது தெரிந்தது. இப்போது விழுங்குகிறாள், ஐப்பசியில் மறுசோதனை.

ஒரு வேண்டுகோள். ஹிந்தியோ மராத்தியோ நன்கு பேசத் தெரிந்த சகோதரிகள் சிலர், மருத்துவமனைக்குச் செல்லும் நம் பெண்களுக்குத் துணையாகச் சென்று, கணவன்மார் நடுவில் நில்லாமல் பேச உதவ வேண்டும். நர்ஸம்மா தம் ஓய்வு நாளில் வர இசைந்திருக்கிறார். நம் இல்லாளும் பெயர் கொடுத்திருக்கிறார். மற்றவர்கள் மாதக் கூட்டத்தன்று சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.